சத்தம் அடங்கும் வரை

திரேசம்மாளைக் குளிப்பாட்டி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து முடிந்துவிட்டு நேராக வந்து மணிக்கூண்டின் படியில் உட்கார்ந்த செலினுக்குக் கையில் இருந்த சோப்பு வாசனை போகவே இல்லை. சந்தன சோப்பு. உறை பிரிக்காமல் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள் திரேசம்மாள், மகன் லியோன் ஜெயிலிலிருந்து வருகிற அன்று தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று. அவன் வரவில்லை, சோப்பு அவளுக்கே ஆயிற்று. நல்ல நுரை வந்தது என்று நினைத்ததும் செலினுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பிணத்தைக் குளிப்பாட்டும்போது நுரையைப் பார்க்கிற புத்தி என்ன புத்தி. ஆனால் காலையிலிருந்து புத்தி அப்படித்தான் போகிறது, பார்க்க வேண்டியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பார்க்கிறது. பார்க்க வேண்டியது தலைக்கு மேலே தொங்குகிறது. நீல நைலான் கயிறு, கூண்டின் ஓட்டை வழியாக இறங்கிச் சுவரில் அடித்த கொக்கியில் சுற்றிக் கிடக்கிறது. அதை அவிழ்த்து இழுத்தால் துக்க மணி. சவேரியார்துறையில் ஒரு உயிர் போனால் மணி அடிக்க வேண்டும். அடித்தால்தான் ஊருக்கு அது சாவு. அடித்தால்தான் கடலில் நிற்கிற வள்ளங்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பும், அடக்கம் முடிகிறவரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். கோவில் கட்டிய நாளிலிருந்து இப்படித்தான். அடிக்கக் கூடாது என்று கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. காலை, மதியம், மாலை மூன்று வேளை செபத்துக்குத் தவிர வேறு எதற்கும் ஆலய மணியை ஒலிக்கக் கூடாது, மீறினால் கடும் நடவடிக்கை, கீழே கையெழுத்து, முத்திரை. இந்த உப்புக் காற்றில் ஊரில் உள்ள எல்லாம் ஒரே மழைக்கு இற்றுப் போகிறது, அந்தக் காகிதம் மட்டும் நேற்று ஒட்டியதுபோல இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

மணி அடிப்பது உண்மையில் அவள் வேலையே இல்லை. அவள் புருஷன் கஸ்பார்தான் கோவில்பிள்ளை. மெழுகுதிரி ஏற்றுவது, பூசைச் சாமான்களைத் துடைப்பது, கல்லறைக் குழிக்கு அளவு எடுத்துக் கொடுப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர் பாடு. அந்த ஒரு நாள் மட்டும், ஒரே ஒரு நாள், சூசைத் தாத்தா இறந்துபோன அன்று, கஸ்பார் மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற அவசரத்தில் அடுக்களை வாசலில் நின்று சொன்னார். “மணிய நீ அடிச்சிரு செலினு. ஒண்ணு அடி, சத்தம் நல்லா அடங்கட்டும், பெறவு அடுத்தது. அவசரப்படாத, கேட்டியா?” கேட்டாள். நன்றாகத்தான் கேட்டாள். ஆனால் அடுப்பில் சாளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழம்பு நாசமாய்ப் போக. அடிபிடித்துவிடுமே என்று ஓடி வந்தவள் கயிற்றைப் பிடித்து மடமடவென்று அடித்துவிட்டு ஓடிப் போனாள். விட்டு விட்டு அடித்தால் சாவு, விடாமல் அடித்தால் ஆபத்து. வள்ளம் கவிழ்ந்தாலும் கடல் ஏறினாலும்தான் இந்த ஊரில் மணி அப்படி அடிக்கும். ஊர் முழுக்கக் குலை பதறி ஓடி வந்தது. நிலக்கரி இறக்கக் கடலுக்குள் பாலம் போட வந்த கம்பெனியை எதிர்த்து அதன் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அங்கிருந்து ஓடி வந்தார்கள், கடலில் நின்றவர்கள் வலையை அறுத்துவிட்டு வந்தார்கள். யாருக்கு என்ன, யாருக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் தெருவில் நிற்கிற அந்த நேரம் பார்த்துத்தானா பந்தலைப் பிரிக்கப் போலீஸ் வண்டிகள் வர வேண்டும்? வந்தன. பிறகு நடந்ததை யாரும் ஒழுங்காகச் சொல்ல முடியாது. முதல் கல் யார் கையிலிருந்து போனது என்று இன்றுவரை தெரியாது. கம்பெனி ஜீப் ஒன்று எரிந்தது. சாயங்காலம் போலீஸ் கோவிலுக்கு வந்து யார் மணி அடித்தது என்று கேட்டது. செலின் வாயைத் திறப்பதற்குள் கஸ்பார் முந்திக்கொண்டார். “நாந்தான் சார். அது என் வேலையில்லா.” வேட்டியில் கல்லறை மண் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே வண்டியில் ஏறினார்.

கரப்பான் பூச்சி வந்தால் அடிக்க அவளைக் கூப்பிடுகிற மனுஷன் அவர். அவர் பெயருக்கு முன்னால் பயங்கரவாதம் என்கிற சொல்லைப் போட்டு எழுதியிருந்ததை வக்கீலம்மா கனிமலர் படித்துக் காட்டியபோது செலினுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்துவிட்டது, அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறாள். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமாம், பயங்கரவாதமும் அதற்குள்தான் வரும். ஊபா என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள், ஏதோ ஒரு பிள்ளையின் செல்லப் பெயர் மாதிரி. முன்கூட்டியே திட்டம் போட்டு மணியைச் சைகையாக வைத்து ஆள் திரட்டி அரசுக்கு எதிராகக் கலவரம் என்று எழுதியிருந்தார்கள். சூசைத் தாத்தா செத்தது நிஜம்தானே, கல்லறையில் கல் நிற்கிறதே, போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் என்றாள் செலின். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல சேதி இல்லை என்று அர்த்தம். “அதெல்லாம் விசாரணை வரும்போது காட்டலாம்மா. விசாரணை எப்ப வரும்னு கேக்காதீங்க. இந்தச் சட்டத்துல ஜாமீன் குடுக்கறதுக்கு நாம சொல்றது நெசமான்னு பாக்க மாட்டாங்க. அவங்க எழுதினதப் படிச்சா நம்புற மாதிரி இருக்கா, அத மட்டும்தான் பாப்பாங்க.” நம்புகிற மாதிரிதான் இருந்தது. அதுதான் கொடுமை. அவ்வளவு கோர்வையாக எழுதியிருந்தார்கள், தனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது செலினுக்கு, ஒருவேளை கஸ்பார் என்னிடம்கூடச் சொல்லாமல் ஏதாவது திட்டம் போட்டிருப்பாரோ என்று. அடிச்சது நான் என்று தெரிந்தும் அந்தச் சந்தேகம் வந்தது. நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றதற்கு வக்கீலம்மா பதறிப்போனாள். “அவர் மேல உள்ளது போகாதும்மா, பொய் சொன்னார்னு அது வேற சேரும். நீங்களும் உள்ள போவீங்க. வாயத் தொறக்காதீங்க.” திறக்கவில்லை. இத்தனை காலமும் திறக்கவில்லை. இப்போது ஒருவழியாக மேல்கோர்ட்டில் ஜாமீன் மனு திங்கட்கிழமை வருகிறது. நல்ல நீதிபதியாம். நேற்றுத்தான் போன் பண்ணினாள் வக்கீலம்மா. “திங்கக்கிழம வரைக்கும் ஊர்ல ஒரு சின்னச் சத்தம் வரக் கூடாதும்மா. கூட்டம் கூடிச்சின்னு ஒரு வீடியோ போதும் அவங்களுக்கு.” சரி என்றாள் செலின். திரேசம்மாள் நேற்று நன்றாகத்தான் இருந்தாள். திங்கள் வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனுஷி. எப்போதுதான் பொறுத்தாள்.

காலையில் காற்று கரையிலிருந்து கடல் பக்கமாகப் போகிறது. வெயில் நன்றாக ஏறியதும் அது திரும்பிவிடும், அப்புறம் மணி எவ்வளவு அடித்தாலும் ஊருக்குள்ளேதான் சுற்றும், கடலுக்குப் போகாது. கடலில் தொம்மை நிற்கிறார். திரேசம்மாளின் புருஷன். விடிவதற்கு முன்னால் நண்டு வலையோடு போனவர், படியிலிருந்தே தெரிகிறது, அந்தக் கறுப்புப் புள்ளி அவர் வள்ளம்தான், அந்த இடத்தில் வேறு யாரும் வலை போட மாட்டார்கள். அவர் போகும்போது திரேசம்மாள் கட்டிலில் உட்கார்ந்து கட்டங்காப்பி குடித்துக்கொண்டிருந்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். போன் இல்லை அவரிடம். லியோன் வழக்கில் யார் யாருக்கு என்ன அனுப்பினார்கள் என்று பார்க்க வீட்டில் இருந்த போன்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள், தொம்மையின் பொத்தான் போனையும் சேர்த்து. அதில் டார்ச் லைட்டைத் தவிர அவருக்கு எதுவும் போடத் தெரியாது. அதற்குப் பிறகு வேறு வாங்கவில்லை. “பேசுனா வம்பு, பேசலன்னா நிம்மதி”, அவ்வளவுதான் சொன்னார். அப்படியே மணிக்கயிற்றையும் கொண்டுபோனார்கள். அது வழக்குச் சொத்தாம். தேங்காய் நாரில் முறுக்கிய பழைய கயிறு, கஸ்பாரின் உள்ளங்கை பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆனது, அதை வெள்ளைத் துணியில் பொதிந்து அரக்கு வைத்து ஏதோ பாம்பைப் பிடித்த மாதிரி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் மணிக்குக் கயிறு இல்லை. தொம்மை தன் வள்ளத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து கட்டிவிட்டுப் போனார். இந்த நீலக் கயிறு அதுதான். கையில் வழுக்கும். ஒவ்வொரு வேளையும் செபத்துக்கு அடிக்கும்போது புறங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வாள் செலின். அவர் கொடுத்த கயிறு என் கையில் இருக்கிறது, அவர் பெண்டாட்டி செத்தது அவருக்குத் தெரியாது. அங்கே நண்டு கழற்றிக்கொண்டிருப்பார், கடித்துவிடாமல் பின்னங்காலைப் பிடித்து ஒவ்வொன்றாக. பெரிய நண்டு விழுந்தால் திரேசம்மாளுக்கு என்று தனியாக எடுத்து வைப்பார். இன்றைக்கும் எடுத்து வைத்திருப்பார்.

போலீஸ் கான்ஸ்டபிள் பேச்சிமுத்து பூவரச மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வடக்கே எங்கேயோ கரிசல்காட்டு ஊர்க்காரன், கடலைக் கண்டாலே முகம் சுளிப்பான். ஊரில் ஏதாவது நடந்தால் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டியது அவன் வேலை. எதுவும் நடப்பதில்லை. அதனால் வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து வைத்திருக்கிறான். ஒரு தடவை செலின் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனதையும் பிடித்தான், பிறகு அவனுக்கே சிரிப்பு வந்து அழித்துவிட்டான். அவளிடம்தான் டீ வாங்கிக் குடிக்கிறான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மனசுக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலையில் சாவு வீட்டைத் தாண்டும்போது கிட்டே வந்தான். “யக்கா, பெரியம்மா எறந்துட்டாவளாமே. வருத்தந்தான். மணி கிணி ஒண்ணும் வேண்டாம் என்னா? எனக்கு மெமோ குடுத்திருவாங்க.” சரி தம்பி என்று சொன்னாளா, சொல்லவில்லையா? தலையை ஆட்டியதுபோல ஞாபகம். பங்குச்சாமிக்குப் போன் போட்டாள். அவர் ஆயர் இல்லத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தார், பின்னால் தட்டு சத்தம் கேட்டது. “செலின், நான் அடின்னும் சொல்லல, அடிக்காதன்னும் சொல்லல. நீயே பாத்துக்கோ. சாயங்காலம் அடக்கத்துக்கு வந்திருதேன்.” நல்ல மனுஷன்தான், பயந்த மனுஷன். பயப்படாதவர் யார் இருக்கிறார்கள் இப்போது. டீக்கடையில் செய்தி ஓடினால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு மைக் செட் வைக்க ஸ்டேஷனில் போய் நிற்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கடலைப் பற்றிப் படம் வரைந்தால் பாலத்தை வரையாதே என்று டீச்சர் சொல்கிறாளாம். ஒருவரும் யாரையும் பேசாதே என்று கட்டாயப்படுத்தவில்லை. ஒரு காகிதம், ஒரு நாற்காலி, ஒரு போன், அவ்வளவுதான் வைத்தார்கள். மற்றதை ஊரே பார்த்துக்கொண்டது.

கடைசியாக வாயை மூடியவள் திரேசம்மாள்தான், மூடியபோது ஊரில் பாதிச் சத்தம் போயிற்று. அவளைப்போல் ஒப்பாரி சொல்ல இந்தக் கரையில் ஆள் கிடையாது. பந்தலில் ஒருநாள் வெயிலுக்குச் சோர்ந்து எல்லோரும் தூங்கி வழிந்துகொண்டிருந்தபோது கம்பெனி மேனேஜர் காரில் போனான். கண்ணாடி இறக்கி இவர்களைப் பார்த்தான். திரேசம்மாள் சட்டென்று தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்து, உயிரோடு இருக்கிற அந்த மனுஷனுக்கு ஒப்பாரி வைத்தாள். “கரி ஏத்தி வந்த என் கண்ணான மேனேசரே, கடலக் கருக்கிப்புட்டா எந்தத் தண்ணியில குளிப்பாட்ட?” பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, அவனும் சிரித்துக்கொண்டே கை ஆட்டிவிட்டுப் போனான். லியோன் அதைப் போனில் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினான், அது எங்கெங்கோ போயிற்று, துபாயில் இருந்தெல்லாம் பேசினார்கள். பிறகு ஜீப் எரிந்தது, பிறகு வழக்கு வந்தது, அந்தப் பாட்டு கொலை மிரட்டல் ஆயிற்று, அனுப்பியவன் பிரச்சாரம் செய்தவன் ஆனான். பாடியவளை வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். லியோனை வண்டியில் ஏற்றிய அன்றிலிருந்து அவள் பாடவில்லை. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொள்வாள். ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்க செலினும் அவளும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கஸ்பார் கேட்பார், “மணி நாக்குக்கு எண்ணெய் விட்டியாட்டி?” இந்தப் பக்கம் செலின் சொல்வாள், விட்டேன், விட்டேன், நீங்க மாத்திரை ஒழுங்கா முழுங்குதியளா? அதற்குள் நேரம் முடிந்துவிடும். எந்தப் பேச்சைப் பேச வேண்டும் என்று போனாளோ அது ஒருநாளும் பேசியதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருதரம் திரேசம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஏட்டி செலினு, சத்தம் போட்டது நாம ரெண்டு பேரும். நாம வெளிய காத்தாட வாரோம். நம்ம சத்தத்துக்கு அவனுவ உள்ள கெடக்கானுவ.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். செலினும் சிரித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். ஊரில் இறங்கும்போதுதான் திரேசம்மாள் கேட்டாள். “கஸ்பாரு வாரதுக்குள்ள நான் போயிட்டன்னா எனக்கு மணி யாருட்டி அடிப்பா?” நான் அடிக்கிறேன் என்று செலின் சொன்னாளா? இதற்கும் தலையை ஆட்டியதுபோலத்தான் ஞாபகம். எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்து இப்போது படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தக் காகிதம் ஒட்டிய பிறகு ஊரில் சாவு விழாமல் இல்லை. விழுந்தது. கருவாடு விற்கிறவள் மாதிரி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ரகசியம்போலச் சொன்னார்கள். கரையில் இருந்தவர்களுக்குச் சொல்லலாம், கடலில் நின்றவனுக்கு யார் சொல்வது? சிலுவைராசு இறந்த அன்று அவன் தம்பி கடலில் நின்றான். அன்றைக்கு அவனுக்கு நல்ல பாடு, பெட்டி பெட்டியாக மீன். ஏலம் போட்டு, சந்தோஷத்தில் கொஞ்சம் குடித்து, அண்ணன் பிள்ளைகளுக்குப் பக்கடா வாங்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே தெருவில் வந்தான். வாசலில் பெஞ்சு போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் அவனுக்குப் புரியவில்லை. என்னப்பா விசேஷம் என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான். அந்தப் பக்கடாப் பொட்டலம். அதை அவன் கீழே போடவில்லை, கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டே அழுதான், எண்ணெய் ஊறிக் காகிதம் கிழிந்து ஒவ்வொன்றாக விழுந்தது, யாரோ காலால் ஓரமாகத் தள்ளினார்கள். அன்றைக்கும் இந்தக் கயிறு இந்தக் கொக்கியில்தான் சுற்றிக் கிடந்தது. அன்றைக்கும் செலின் இந்தப் படிவரை வந்தாள், காகிதத்தைப் படித்தாள், வீட்டுக்குப் போய்ச் சாதம் வடித்தாள். இன்றைக்குத் தொம்மை நண்டோடு வருவார். பெரிய நண்டைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, திரேசு, இங்க பாரு என்று வாசலில் இருந்தே கூப்பிடுவார். அவர் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார், ஊருக்கே கேட்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டு அவளால் எங்கே போய் உட்கார முடியும்? எந்தச் சாதத்தை வடிக்க முடியும்?

பன்னிரண்டுக்கு அடிக்கலாம். இந்த யோசனை வெகு நேரமாகவே பூனைபோலக் காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மதிய செபத்துக்கு அடிக்க அனுமதி இருக்கிறதே. அதையே கொஞ்சம் விட்டு விட்டு அடித்தால் பேச்சிமுத்துவுக்கா தெரியப்போகிறது. அவனுக்கு எல்லா மணியும் ஒன்றுதான். ஊருக்குத் தெரியும், திரேசம்மாளுக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. கஸ்பாருக்கும் ஒன்றும் வராது. திங்கட்கிழமை நல்ல நீதிபதி, ஜாமீன் வந்தால் செவ்வாய்க்கிழமை வீட்டில் இருப்பார், வந்ததும் முதலில் மணிக்கூண்டில்தான் ஏறுவார், நாக்கைத் தொட்டுப் பார்ப்பார், எண்ணெய் போதாது என்று திட்டுவார். அந்தத் திட்டைக் காது கேட்டால் போதும். சரி, அப்படியே செய்துவிடலாம் என்று எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தாள். பன்னிரண்டுக்குக் காற்று திரும்பியிருக்கும். இல்லை, காற்று ஒரு சாக்கு. காற்றே திரும்பாவிட்டாலும், கேட்கிற தொம்மை என்ன நினைப்பார், மதிய மணி, செலின் இன்றைக்கு ஏனோ மந்தமாக அடிக்கிறாள் என்று சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி வலையை இழுப்பார். அவர் பெண்டாட்டியின் சாவை வேறு ஒன்றுக்குள் ஒளித்து வைத்துக் கொடுக்க வேண்டும். திருட்டுச் சாமான் மாதிரி. மேனேஜருக்கு முகத்துக்கு நேரே தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரி வைத்தவளுக்கு ஒளித்து ஒரு மணி. திரேசம்மாள் கேட்டால் காறித் துப்புவாள். அப்படியானால் கஸ்பார்? அவருடைய திங்கட்கிழமை? அடித்தால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் வீடியோ, வீடியோவைப் பார்த்தால் நல்ல நீதிபதியும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். என் கையாலேயே அவரை இரண்டாம் தரம் உள்ளே தள்ளுவேனா? முதல் தரம் குழம்புக்காக. இரண்டாம் தரம் தெரிந்தே. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவர் முகம் வந்தது, சவரம் செய்யாத முகம். என்ன சொல்வார்? அடிக்காதே என்பாரா? அவரையே கேட்டுப் பார்த்தாள், மனசுக்குள்தான், வாய்விட்டுக் கேட்பதுபோல. திரேசம்மாக்கா செத்துட்டா. மணி அடிக்கலாமா, வேண்டாமா? கஸ்பார் அவர் வழக்கப்படி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ஒண்ணு அடி, சத்தம் நல்லா அடங்கட்டும், பெறவு அடுத்தது, அவசரப்படாத, கேட்டியா, அதையேதான் சொன்னார். அதைத் தவிர வேறு எதுவும் அவர் அவளிடம் சொன்னதே இல்லை என்பதுபோல இருந்தது. பூவரச இலைகள் ஒருதரம் நின்றன. காற்று யோசிக்கிறது. செலின் எழுந்து கயிற்றைக் கொக்கியிலிருந்து எடுத்தாள்.

முதல் அடிக்கு மாடத்திலிருந்து புறாக்கள் எல்லாம் கிளம்பின. இழுத்த கையை அப்படியே கீழே வைத்துக்கொண்டு நின்றாள், மணியின் சத்தம் அவள் தோள் வழியாக இறங்கி, தெருவைக் கடந்து, கரைக்குப் போய், தண்ணீர்மேல் ஏறிப் போவதைக் கேட்டுக்கொண்டு. எவ்வளவு நேரம் ஆகிறது ஒரு சத்தம் அடங்க. இவ்வளவு நேரமா? அன்றைக்கு இதற்குள் முழுவதையும் அடித்து முடித்துவிட்டு அடுப்படிக்கே போயிருந்தாள். அடங்கியது. இரண்டாவது. நாற்காலி விழுகிற சத்தம், பேச்சிமுத்து ஓடி வருகிறான், “யக்கா, யக்கா, வேண்டாம்க்கா” என்று கத்திக்கொண்டே, கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே. அவனைப் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது ஊர் ஓடி வரும், கூட்டம் வரும், எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஓடி வருகிற காலடி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவதை அடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். ஒருவரும் கோவிலுக்கு வரவில்லை. அவரவர் வீட்டு வாசலில் அவரவர் நின்றார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒவ்வொரு வாசலிலும், கரண்டியோடு ஒருத்தி, பாதிச் சவரத்தோடு ஒருத்தன், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி. ஒருவரும் படி இறங்கவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பேசி வைக்கவும் இல்லை. கூட்டம் என்று சொல்ல முடியாது, ஊரே நின்றது. பேச்சிமுத்துவின் போன் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டித் தடுமாறியது. கடலில் அந்தக் கறுப்புப் புள்ளி குறுக்கே கிடந்தது. அடுத்த அடி அடங்கும்போது அது அசைந்தது. அதற்கும் அடுத்ததில் முன்பக்கத்து அணியத்தைக் கரைக்குத் திருப்பிவிட்டது. தொம்மை வருகிறார். யாருக்கு என்று தெரியாமல், யாருக்கோ என்று தெரிந்துகொண்டு, ஒரு சாவு வீட்டுக்கு வருகிற மனுஷனாக வருகிறார். செலினுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பேச்சிமுத்து கிட்டே வந்து நின்றான். அவனுக்கும் மூச்சு வாங்கியது.

“என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டிய. நான் இத அனுப்பியே ஆகணும். யாரு அடிச்சதுன்னு கேப்பாங்க. பேரச் சொல்லணும்க்கா, பேசாம இருந்தா அது வேற வம்பு.”

வாயத் தொறக்காதீங்க என்று வக்கீலம்மா காதுக்குள் சொன்னாள். செலின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனில் இருந்த அந்தச் சின்னக் கேமராக் கண்ணாடியை நேராகப் பார்த்தாள்.

“எம் பேரு செலின். கோவில்பிள்ள கஸ்பார் பொஞ்சாதி. இன்னைக்குத் திரேசம்மாக்கா செத்ததுக்கு நாந்தான் மணி அடிக்கேன். அன்னைக்குச் சூசைத் தாத்தா செத்தாவல்லா, அன்னைக்கும் நாந்தான் அடிச்சேன். அவிய இல்ல. சாவுக்குத்தான் அடிச்சேன், வேகமா அடிச்சிட்டேன், அவ்வளவுதான்.”

பேச்சிமுத்து போனையே பார்த்துக்கொண்டு நின்றான். “யக்கா”, என்றான் மெதுவாக, “இப்ப சொன்னது பதிவாயிட்டு.”

“ஆகட்டும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, இன்னும் முடியல.”

போன அடியின் சத்தம் முழுக்க அடங்கிவிட்டதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். அடங்கியிருந்தது. நீலக் கயிற்றைப் புறங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அவசரப்படாமல், இழுத்தாள்.